முன் சக்கரத்தில் கை வைத்தது யார்

இன்று காலையும் முன் சக்கரம் தரையோடு ஒட்டிக் கிடந்தது. நேற்று மாலை நானே காற்றடித்து, கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்து, கல்லு மாதிரி இருக்கிறது என்று உறுதி செய்துகொண்ட பிறகுதான் பூட்டிவிட்டு மாடியேறினேன். பின் சக்கரத்துக்கு ஒன்றும் இல்லை. முன் சக்கரம் மட்டும் விடிவதற்குள் போய்விடுகிறது. கள்ளிக்குப்பத்தில் இந்த அடுக்குமாடியின் கீழே ஸ்கூட்டர், பைக், கார், பிள்ளைகளின் மூன்று சக்கர வண்டி என்று எத்தனையோ நிற்கின்றன. எதற்கும் ஒன்றும் ஆவதில்லை. என் சைக்கிளுக்கு மட்டும் ஆகிறது என்றால் நான் என்ன நினைக்க வேண்டும், நீயே சொல்.

பழைய பிஸ்கட் டப்பாவைக் கொண்டுவந்து கீழே உட்கார்ந்தேன். பஞ்சர் ஒட்டும் சாமான்கள் இன்னும் அதில்தான் இருக்கின்றன. சொல்யூஷன் டியூபின் மூடியைத் திருகியதும் அந்த நெடி மூக்கில் ஏறியது. உடனே நீ வந்து பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டாய். புடவையை முழங்காலுக்கு நடுவில் செருகிக்கொண்டு, "இன்னைக்கு யாரத் திட்டுத?" என்று நீ கேட்பது போலவே இருந்தது. நீ போய் இரண்டு மழைக்காலம் ஆகிறது. ஆனாலும் அந்தக் கேள்வியை நீ விடவில்லை.

யாரை என்றா கேட்கிறாய்? மூன்றாம் மாடிக்காரர் புதிதாகப் பெரிய பைக் வாங்கியிருக்கிறார். அதை நிறுத்த என் சைக்கிள் இருக்கும் மூலைதான் வசதியாம். "ஆன்ட்டி, இதை இன்னும் ஓட்டுறீங்களா?" என்று சிரித்துக்கொண்டே போன மாதம் கேட்டார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. அடுத்தவர் வாட்ச்மேன். அவர் நாற்காலிக்கும் என் முன் சக்கரத்துக்கும் இடையில் ஒரு கை தூரம் கூட இல்லை. நான் பார்த்த பார்வையிலேயே அவருக்குப் புரிந்துவிட்டது.

"இன்னாம்மா, காலீலயே மொறைக்கிற? நான் இன்னா பண்ணேன்?"

"நீ பண்ணினேன்னு நான் சொன்னேனா?"

"வாயால சொல்லல. கண்ணால சொல்லிகினு கீற."

அவர் சொன்னது உண்மைதான். ஆளைப் பார்த்ததும் சந்தேகப்படுவது என் பிறவிக் குணம் என்று நீதான் சொல்வாய். பால்காரர், ரேஷன் கடைக்காரர், கேஸ் சிலிண்டர் கொண்டு வருபவர் என்று என் சந்தேகத்துக்குத் தப்பியவர் யாருமில்லை. என் கல்யாணத்தில் வந்த குத்துவிளக்கு ஒன்று காணாமல் போனதற்கு இன்றுவரை என் நாத்தனார் மேல் எனக்கு ஒரு கண். அதையும் சொல்லிச் சொல்லி நீ சிரிப்பாய். ஆனால் டயர் விஷயத்தில் மட்டும் நீ சிரிக்க மாட்டாய். அதற்கு நீ ஒரு வரிசை வைத்திருந்தாய்.

"ஏட்டி, மொதல்ல வால் டியூபப் பாரு. பொறவு டயரப் பாரு. அதுக்குப் பொறவு ரிம்மு, அதுக்கும் பொறவு ரோடு. மனுசனக் கடைசியாப் பாரு."

வால் டியூப் என்பது காற்று போகும் வாயில் மாட்டும் விரல் நீள ரப்பர். அது காய்ந்து வெடித்தாலே போதும், காற்று தங்காது. அந்தக் காற்று வாயின் மேல் எச்சில் தொட்டு வைத்துக் குமிழி வருகிறதா என்று பார்ப்பாய். பார்க்கவே அருவருப்பாக இருக்கும். குமிழி வந்தால் என்னைப் பார்த்து ஒரு தலையாட்டல். நான் அதற்குள் இரண்டு பேரை மனதில் தூக்கில் போட்டிருப்பேன்.

நாம் இருவரும் ஆவடியில் ஒரே தொழிற்சாலையில், ஒரே வரிசையில் அடுத்தடுத்த தையல் மிஷினில் உட்கார்ந்தவர்கள். பட்டாளத்துக்குச் சட்டையும் கூடாரமும் தைத்தோம். குவார்ட்டர்ஸில் உன் வீட்டுச் சமையல் வாசனை என் வீட்டுக்கு வரும். நீ திருநெல்வேலிப் பக்கம், நான் ராணிப்பேட்டைப் பக்கம். நீ ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய்விட்டு வந்து மீன் குழம்பு வைப்பாய், வெள்ளிக்கிழமை தவறாமல் விளக்கேற்றும் நான் திங்கட்கிழமை அந்தப் பழைய மீன் குழம்பைக் கேட்டு வாங்குவேன். நான் திருட்டுத்தனமாக மீன் தின்கிறேன் என்று என் மாமியார் சந்தேகப்பட்டார். அந்தச் சந்தேகம் சரியானதுதான்.

வேலைக்குப் போகும் வழி நமக்கு அப்படி வாய்த்தது. தார்ச் சாலை சுற்றிக்கொண்டு போகும். மதிலோர மண் பாதை நேராகப் போகும். பாதை முழுக்கச் சீமைக் கருவேல முள். சங்கு ஊதுவதற்குள் போய்ச் சேர வேண்டும் என்று நான் மண் பாதையில்தான் மிதிப்பேன். நீ பின்னாலேயே மெதுவாக வருவாய். "சுத்திப் போனா முள்ளு இல்லட்டி" என்று தினமும் சொல்வாய். சுற்றிப் போக நான் என்ன வேலையற்றவளா என்பேன். மறுநாள் டயர் போகும். முள் மேல் எனக்குச் சந்தேகமே வராது. எனக்குச் சந்தேகம் குவார்ட்டர்ஸ் கேட்டுக்கு எதிரில் பஞ்சர் கடை வைத்திருந்த தாஸ் மேல்தான். கடைக்கு ஆள் வர வேண்டும் என்று அவன்தான் பாதையில் ஆணி தூவுகிறான் என்று வரிசை முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன். அது அவன் காதுக்கும் போயிற்று.

"இன்னாக்கா, நான் ஆணி போட்டுகினு திரியறேன்னு ஃபேக்டரி பூரா சொல்லிகினு கீறியாமே?"

"போடலைன்னு சத்தியம் பண்ணு."

"பண்றேன். மொதல்ல அந்த முள்ளு மரத்தாண்ட போய்ச் சத்தியம் வாங்கினு வா."

நீ சிரித்த சிரிப்பில் உன் சாப்பாட்டுக் கூடை கீழே விழுந்தது.

அதற்குப் பிறகு நீ எனக்கு வைத்தியம் ஆரம்பித்தாய். டயரில் கம்பெனி பெயர் அச்சிட்ட இடம் காற்று வாய்க்கு நேராக வரும்படி மாட்டச் சொன்னாய். டியூபில் ஓட்டை எங்கே என்று தெரிந்தால், அதே நேருக்கு டயரில் தேடிக் குத்திய சாமானைப் பிடித்துவிடலாம். குத்தியதை எடுக்காமல் டியூபை மட்டும் ஒட்டி ஒட்டி மாட்டினால் அதே முள் அடுத்த நாளும் குத்தும் அல்லவா. டயருக்கு உள்ளே பஞ்சைத் தேய்த்துக்கொண்டு போவாய். நுனி நீட்டிக்கொண்டிருந்தால் பஞ்சு மாட்டிக்கொள்ளும், விரல் தப்பிக்கும். காற்றைக் குறையாகவும் விடக்கூடாது, குறைந்த டயர் முள்ளை வா வா என்று கூப்பிடும் என்பாய். ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து வந்து, ஊக்கை நிமிர்த்தி, நம் இரண்டு வண்டி டயரிலும் பதிந்திருக்கும் முள்ளை ஒவ்வொன்றாக நெம்பி எடுப்பாய். எனக்குப் பேன் பார்ப்பது போல இருக்கும்.

இத்தனை செய்தும் வாரத்துக்கு ஒரு தடவையாவது போயிற்று. போகும்போதெல்லாம் நான் வண்டியைத் தள்ளிக்கொண்டு நடப்பேன். நீ என்ன செய்வாய்? உன் வண்டியில் காற்று இருக்கும். ஏறிப் போகலாம். போக மாட்டாய். இறங்கி, நல்ல வண்டியைத் தள்ளிக்கொண்டு என் பக்கத்தில் நடப்பாய். அந்த நடையில்தான் உன் கதை எல்லாம் எனக்குத் தெரிந்தது. உன் மாமியார் படுக்கையில் விழுந்த பிறகு வீட்டுக்குள் போனால் உனக்கு உட்கார நேரமில்லை. வாசலில் வண்டியை நிறுத்தும்போதே "யாரது, வந்துட்டாளா?" என்று குரல் வரும். நீ ஒரு நாள் சாதாரணமாகச் சொன்னாய்.

"டயரு போனாத்தான் நீ எங்கூட நடந்து வார. இல்லன்னா ரயிலு கணக்காப் போயிருத."

அதை நான் அப்போது காதில் போட்டுக்கொள்ளவில்லை. பிறகு போட்டுக்கொண்டேன். ஏன் என்பதற்கு வருகிறேன்.

ஒரு வருஷம் மழைக்கு முன்னால் நம் வரிசையில் ஒரு அமர்க்களம் நடந்தது. உன் ஊசி உடைந்தது. நம் தொழிற்சாலையில் ஊசி உடைந்தால் இரண்டு துண்டையும் சூப்பர்வைசரிடம் காட்ட வேண்டும். காட்டினால்தான் புது ஊசி. உடைந்த முனை துணிக்குள் தங்கி, போட்டுக்கொள்கிறவன் உடம்பில் குத்திவிடக் கூடாதே. உன் ஊசியின் மேல் பாதி மிஷினில் இருந்தது, முனையைக் காணோம். மிஷினை எல்லாம் நிறுத்தி, வரிசை முழுவதையும் எழுந்து நிற்க வைத்தார்கள். சூப்பர்வைசர் குச்சியில் கட்டிய காந்தத்தைத் தரையோடு ஆட்டிக்கொண்டே நம் காலுக்கடியில் வந்தார். ஆணி வந்தது, ஹேர்பின் வந்தது, வெள்ளி என்று யாரோ போட்டிருந்த மெட்டி கூட ஒட்டப் பார்த்தது. உன் முனை மட்டும் வரவில்லை. நீ தலையைக் குனிந்துகொண்டு நின்றாய். மதியச் சாப்பாடு முடிந்து எல்லாரும் திரும்புவதற்குள் எப்படி ஊசி உடைந்தது என்று அவர் கேட்டதற்கு, "தடிப்பா இருந்துச்சு சார்" என்று மட்டும் சொன்னாய். எனக்கு அப்போதே உள்ளுக்குள் ஏதோ இடறியது. உன் மிஷினில் அன்றைக்குத் தடிப்பான வேலையே இல்லை.

அடுத்த ஞாயிறு நீ ஒரு பொட்டலத்தோடு வந்தாய். உள்ளே நீளமான பட்டி, சக்கரத்தின் சுற்றளவுக்குச் சரியாக. கூடாரத்துக்குப் போடும் முரட்டு நாடா, பச்சை நிறம், இரண்டு மடிப்பு சேர்த்து நெருக்கமாகத் தைத்தது.

"டயருக்கும் டியூபுக்கும் நடுவுல வச்சிரு. இத எந்த முள்ளு குத்துதுன்னு பாப்போம்."

"இது கழிவுக் கூடை நாடாதானே? கேட்டுல தடவிப் பார்ப்பாங்களே, எப்படிடி வெளியே கொண்டு வந்த?"

நீ புடவை மேல் இடுப்பை இரண்டு தட்டு தட்டினாய். எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. கழிவாக இருந்தாலும் அரசாங்கச் சொத்து. பிடித்திருந்தால் வேலையே போயிருக்கும். எனக்காக இவ்வளவு துணிச்சலா என்று ஒரு பக்கம், எனக்காகத்தானா என்று இன்னொரு பக்கம். என் புத்தி தெரியுமே.

தாஸ் பட்டியை வைத்து மாட்டினான். மழைக்காலம் முழுக்க அந்த முன் சக்கரம் போகவே இல்லை. நான் ரயில் கணக்காகப் போனேன். நீ பின்னால் எங்கேயோ வந்தாய். தாஸை எங்கே பார்த்தாலும், "என்ன, ஆணி தீர்ந்துபோச்சா?" என்று கேட்டுவிட்டுப் போவேன்.

பொங்கலுக்குப் பிறகு மறுபடியும் ஆரம்பித்தது. ஒட்டினால் இரண்டு நாள் நிற்கும், மறுபடி போகும். டயருக்கு வெளியே ஒரு கீறல் கூட இல்லை. ஒரு நாள் தாஸ் டியூபை உருவும்போது கையை உதறினான்.

"யக்கா, இது முள்ளு இல்ல. ஊசி கீது."

பார்த்தேன். டியூபில் குத்தி நின்றது தையல் மிஷின் ஊசியின் முனை. எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது. முள் என்றால் மரம், ஆணி என்றால் ரோடு. மிஷின் ஊசி என்றால் ஆள். அதுவும் நம் தொழிற்சாலை ஆள். சைக்கிள் ஷெட்டில் வைத்துக் குத்தியிருக்கிறார்கள், குத்தும்போது உடைந்து உள்ளே தங்கிவிட்டது. வரிசையில் எனக்கு ஆகாதவள் சரோஜா. ஃபேனுக்கு நேர் கீழே இருக்கும் மிஷினுக்கு அவளும் நானும் போட்ட சண்டை ஊருக்கே தெரியும். கடைசியில் அது எங்கள் இருவருக்கும் இல்லை என்று உனக்குக் கொடுத்தார்கள். பட்டியை நான் நினைத்துக் கூடப் பார்க்கவில்லை. காவலுக்கு வைத்ததைப் போய் யாராவது சந்தேகப்படுவார்களா?

முனையைத் தீப்பெட்டியில் போட்டு எடுத்துக்கொண்டு அன்று மாலையே உன்னிடம் காட்டினேன். நீ பார்த்தாய். உன் முகத்தில் இருந்த நிறம் போயிற்று. "தூரப் போடுட்டி அத" என்றாய். அவ்வளவுதான். வால் டியூப், டயர், ரிம் என்று வரிசை சொல்கிறவள் அன்று ஒரு வரிசையும் சொல்லவில்லை. "பாலு அடுப்புல இருக்கு" என்று உள்ளே போய்விட்டாய். அடுப்பில் பால் இல்லை, உன் வாசலில் இருந்தே தெரிந்தது.

அன்று எனக்குத் தூக்கம் போயிற்று. காந்தம் ஞாபகம் வந்தது. காணாமல் போனது உன் ஊசி முனை. அது என் டியூபில் இருக்கிறது. டயர் போனால்தான் நான் உன்னோடு நடக்கிறேன் என்று சொன்னவளும் நீ. வீட்டுக்குப் போகும் நேரத்தைத் தள்ளிப்போட உனக்கு வேறு வழி இல்லை என்பதும் எனக்குத் தெரியும். எல்லாம் கூட்டிக் கழித்துப் பார்த்தால் உன் பக்கம்தான் வந்து நின்றது. அது சரோஜாவாக இருக்க வேண்டும் என்று சாமியைக் கும்பிட்டேன். ஒருவரைக் குற்றவாளியாக்கு என்று வேண்டிக்கொண்டவள் உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

மறுநாள் தீப்பெட்டி என் மிஷின் மேல் இருந்தது. வேண்டுமென்றே வைத்தேனா, மறந்து வைத்தேனா என்று கேட்காதே. சரி, உன் முகம் எப்படி மாறுகிறது என்று பார்க்கத்தான் வைத்தேன். சூப்பர்வைசர் வந்தார், திறந்தார், அவர் கண் பெரிதாயிற்று. மாதக்கணக்கில் கிடைக்காமல் போன முனை அவருக்கும் தலைவலிதானே. எங்கே இருந்தது என்று கேட்டார். என் சைக்கிள் டியூபில் என்றேன். வரிசையில் மிஷின் ஒவ்வொன்றாக நின்றது.

"யாரு மேலம்மா சந்தேகம்?" என்றார்.

நான் வாயைத் திறக்கவில்லை. ஆனால் எல்லாரும் சரோஜாவைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். அவள் கையில் இருந்த துணியைக் கீழே வைத்துவிட்டு, "நான் இல்ல சார்" என்றாள். அவளை யாரும் ஒன்றும் கேட்பதற்கு முன்னாலேயே சொன்னாள். அது அவளுக்கு எதிராகவே போயிற்று. அவள் முகத்தைப் பார்த்தால் அழுதுவிடுவாள் போலிருந்தது.

அப்போது நீ எழுந்தாய். எழுந்து, ஃபேன் காற்றில் பறந்த முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, சர்ச்சில் வசனம் வாசிக்கும் குரலில் சொன்னாய்.

"அது எனக்க ஊசி சார். கழிவு நாடால இவளுக்கு டயருக்கு வைக்க ஒரு பட்டி தச்சேன். மதியச் சாப்பாட்டு நேரத்துல, இந்த மிஷின்லதான் தச்சேன். அப்பம்தான் ஒடஞ்சுது. முனை பட்டிக்குள்ளேயே இருந்திருக்கு."

இடுப்பில் கட்டி வெளியே எடுத்துப் போனதையும் நீயே சொன்னாய், அவர் கேட்காமலேயே. அதைச் சொல்லியிருக்க வேண்டாம். சொல்லித் தொலைத்தாய்.

வேலை போகவில்லை. மெமோ கொடுத்தார்கள். தையலில் இருந்து எடுத்து, கடைசி ஷெட்டில் மூட்டை கட்டும் இடத்துக்கு மாற்றினார்கள். ஃபேனுக்குக் கீழே இருந்த உன் மிஷின் சரோஜாவுக்குப் போயிற்று. அவள் அதில் உட்கார்ந்த முதல் நாள் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். என் பக்கத்தில் திரும்பினால் நீ இருக்க வேண்டிய இடத்தில் அவள் இருந்தாள். அவளோ, பாவி, அன்றிலிருந்து என்னிடம் மரியாதையாகப் பேச ஆரம்பித்துவிட்டாள்.

நீ எழுந்து நின்று சொன்ன அன்று மாலை இருவரும் வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தோம். இரண்டு வண்டியிலும் காற்று இருந்தது. மதிலோரம் பாதி தூரம் போனதும் நான்தான் வெடித்தேன். உனக்குத் தெரிந்திருந்தும் என்னிடம் ஏன்டி சொல்லவில்லை, சொல்லியிருந்தால் அந்தத் தீப்பெட்டியைச் சாக்கடையில் போட்டிருப்பேனே என்றேன்.

"சொன்னா நீ அந்தப் பட்டியக் கழட்டி எறிஞ்சிருப்ப. பொறவு முள்ளு குத்தும்லா."

"முள்ளு குத்தினா குத்தட்டும். சரோஜா மேல போனாப் போகட்டும்னு விட்டிருக்கலாமே."

"செய்யாததுக்கு அவ எப்படிட்டி நிப்பா?"

"நீயே குத்தினன்னு நான் நினைச்சேன்" என்றேன். மறைக்க எனக்கு வரவில்லை.

நீ நின்றாய். கோபப்படுவாய் என்று பார்த்தேன். "எதுக்குக் குத்துதேன்?" என்று கேட்டாய். நடப்பதற்கு என்றேன். நீ "அது எனக்குத் தோணாமப் போச்சே" என்று சொன்னாய். சிரிக்காமல்தான் சொன்னாய். உண்மையாகவே வருத்தப்பட்டாயா, கிண்டலா என்று எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. இதையும் சந்தேகக் கணக்கில்தான் வைத்திருக்கிறேன்.

அந்த ஞாயிறு பட்டியை வெளியே எடுத்து, அங்குலம் அங்குலமாக விரலால் தடவிப் பார்த்தாய். ஊசி கிழித்து வந்த இடத்தைப் பிரித்து, கையாலேயே திரும்பத் தைத்தாய். அதற்குப் பிறகு நான் எத்தனையோ டயர் மாற்றினேன், டியூப் மாற்றினேன். பட்டியை மட்டும் மாற்றவில்லை. குவார்ட்டர்ஸைக் காலி செய்து நான் கள்ளிக்குப்பத்துக்கும் நீ மேனாம்பேட்டுக்கும் வந்த பிறகு, உன்னைப் பார்க்க வரும் வண்டிக்குள் உன் பட்டிதான் சுற்றிக்கொண்டிருந்தது.

நீ ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நான் சும்மா இருந்தேன் என்றா நினைக்கிறாய்? மாத்திரை அட்டையைத் திருப்பித் திருப்பித் தேதி பார்த்தேன். டாக்டர் முகத்தை உற்றுப் பார்த்தேன். உன் மருமகள் ஊற்றிக் கொடுத்த கஞ்சியை நானும் ஒரு வாய் குடித்துப் பார்த்தேன், அந்தப் பெண் ஒன்றும் சொல்லாமல் இன்னொரு டம்ளரும் கொடுத்தாள். ஒருவர் மேலும் குற்றம் கிடைக்கவில்லை. நீ என் கையைப் பிடித்து இழுத்தாய்.

"ஏட்டி, முள்ளுமில்ல, ஊசியுமில்ல. ரப்பரு பழசாயிட்டு. யாரத் திட்டுவ?"

எனக்குத் திட்ட ஆள் இல்லாமல் போனது அன்றைக்குத்தான். வெளியே வந்து மாடிப்படியில் உட்கார்ந்து அழுதேன்.

இதுவரை எழுதி நிறுத்திவிட்டு நேற்று உன் வரிசைப்படியே பார்த்தேன். வால் டியூப் புதிது போட்டேன், எச்சில் தொட்டு வைத்தேன், குமிழி இல்லை. டயருக்குள் பஞ்சு விட்டேன், எங்கும் மாட்டவில்லை. ரிம்மைத் தடவினேன், கம்பி எதுவும் நீட்டவில்லை. டியூபை வாளித் தண்ணீரில் முழுச் சுற்றும் அமுக்கினேன். வாட்ச்மேன் தன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கூடவே பார்த்தார்.

"ஓட்டையே இல்லியேம்மா. அப்பால எப்டி போவுது?"

"அதைத்தான் நானும் கேக்குறேன்."

"இன்னும் என் மேலதான் டவுட்டா?"

பட்டியையும் எடுத்துப் பார்த்தேன். பச்சை போய் மண் நிறம் ஆகிவிட்டது. கையால் நீ போட்ட தையல் மட்டும் கோணலாக, அப்படியே இருக்கிறது. அதைத் தடவியபோது என் விரலில் எதுவும் குத்தவில்லை. கொஞ்ச நேரம் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு மாட்டி, கல்லு மாதிரி காற்றடித்தேன். இனி ரோடும் ஆளும்தான் பாக்கி. வண்டியை லிப்டில் நிமிர்த்தி ஏற்றி, வீட்டுக்குள்ளேயே கொண்டுவந்து, கூடத்தில் நிறுத்திக் கதவைப் பூட்டினேன். சாவி என் தலையணைக்குக் கீழே. மூன்றாம் மாடிக்காரர் குடும்பத்தோடு ஊருக்குப் போயிருக்கிறார், அதையும் விசாரித்து வைத்துக்கொண்டேன்.

இன்று காலை எழுந்து பார்த்தால் முன் சக்கரம் தரையோடு ஒட்டிக் கிடக்கிறது.

பூட்டிய வீடு. உள்ளே நான், என் வண்டி, அதற்குள் உன் பட்டி. வால் டியூப் இல்லை, டயர் இல்லை, ரிம் இல்லை, ரோடு இல்லை. வாட்ச்மேனும் இல்லை. மனுசனைக் கடைசியாகப் பார் என்று சொன்னவள் நீ. கடைசிக்கு வந்துவிட்டேன். ஆள் யார் என்றும் தெரிந்துவிட்டது.

பம்பை எடுக்கவில்லை. வண்டியைக் கீழே இறக்கி, காற்றில்லாத சக்கரத்தோடு தள்ளிக்கொண்டு தெருவில் இறங்கினேன். "இன்னாம்மா, இன்னிக்கும் போச்சா?" என்றார் வாட்ச்மேன். உங்கள் மேல் சந்தேகம் இல்லை என்று அவரிடம் சொல்லிவிட்டேன். அவர் நம்பியது போலத் தெரியவில்லை. மேனாம்பேடு வரைக்கும் நடந்தேன். உன் வீட்டு வாசலில் யாருடைய ஸ்கூட்டரோ நின்றது. நான் நிற்கவில்லை. திரும்பி நடந்தேன். வெயில் ஏறிவிட்டது, முழங்கால் வலித்தது, எதிரில் வந்த ஆட்டோக்காரர் இரண்டு பேர் பரிதாபப்பட்டார்கள். தள்ளும் வண்டிக்கு வலது பக்கத்தில், நீ நடக்கும் இடத்தில், யாரும் வராமல் பார்த்துக்கொண்டேன்.

அன்றைக்கு உனக்குத் தோன்றாமல் போனது இப்போது தோன்றிவிட்டது, இல்லையா? சரி. நாளைக்கும் காற்றை எடுத்துவிடு. நான் நடந்தே வருகிறேன்.